பாப்பம்மாள் விளாவிய தண்ணீர்

கொடைக்கானலைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் ஏரிக்கரையில் கம்பளிக் குல்லா வாங்குவார்கள். ஊர் திரும்பும் பஸ் வத்தலக்குண்டைத் தொடுவதற்குள் அதைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிடுவார்கள். பாப்பம்மாள் தன் குல்லாவைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. ஆயக்குடிக் கொய்யாத் தோப்பு வெயிலில் வளர்ந்த உடம்பு அது. கல்யாணமாகி மலையேறிய நாளிலிருந்து குளிருக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. சேலைக்கு மேலே ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேலே புருஷனின் பழைய சட்டை, தலையில் குல்லா. இந்தக் கோலத்தில்தான் வடகவுஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன விடுதிப் பள்ளியில் அவள் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். சம்பளப் பட்டியலில் சமையல்காரி. பிள்ளைகளுக்கு ஆயாம்மா.

உலகத்தில் இருக்கிற எல்லாச் சீக்குக்கும் அவளிடம் ஒரே காரணம்தான் உண்டு: பச்சைத்தண்ணி. சளி பிடித்தால் பச்சைத்தண்ணி. கால் வலித்தால் பச்சைத்தண்ணி. ஒருவன் கணக்கில் மார்க் குறைந்து அழுதுகொண்டு வந்தபோதும் அவள் விடவில்லை. “பச்சத்தண்ணியக் குடிச்சுட்டு மண்டையில நீரைக் கோத்து வச்சிருந்தா படிப்பு எங்கிட்டு ஏறும்?” என்றாள். அதனால் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் அவள் பொறுப்பு. வெள்ளனே எழுந்து, ஆள் உட்காரலாம் போன்ற அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, பிள்ளைகளின் நாக்குக்கு இதமான சூட்டில் டிரம்மில் நிரப்பி வைப்பாள். வேறு யாரும் அதில் கைவைக்கக் கூடாது. அவள் புருஷன் ஞானவேல் கேரட்டும் பீன்ஸும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வண்டி ஓட்டுகிறவர். “இவளுக்கு வெந்நி அடுப்ப விட்டா வேற சோலி இல்ல” என்பார். அதைப் பாராட்டாகத்தான் பாப்பம்மாள் எடுத்துக்கொள்வாள்.

அந்த வருஷம் ஜூன் மாதம் தமிழ்மதி வந்து சேர்ந்தாள். கீழ்ச் சரிவில் பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வந்த பிள்ளை, மூன்றாம் வகுப்பு. அப்பா மாயன் தேனெடுக்கப் போவார், மற்ற நாளில் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. பிள்ளை ஒருவரோடும் பேசாது. கடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்தவனைக் கடித்தாள், வரிசையில் முந்தியவளைக் கடித்தாள், சமாதானம் செய்யப் போன டீச்சரையும் விடவில்லை. பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று எழுந்து ஓடுவாள். எங்கே என்று தேடவேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில், பாப்பம்மாளின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அங்கே அவள் கடித்ததில்லை. பட்டாணி உரிக்கக் கொடுத்தால் உரிப்பாள். பேச்சு முழுக்க பாப்பம்மாளுடையது. ஆயக்குடிக் கொய்யாவின் ருசி, ஞானவேலின் குறட்டை, திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகன் போன் பண்ணாமல் இருக்கும் அக்கிரமம் எல்லாவற்றையும் அந்தப் பிள்ளையிடம்தான் கொட்டுவாள். பதில் வராது. பதில் வராத ஆளிடம் பேசுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்காக மட்டும் அவள் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை. தமிழ்மதி மேல் அவளுக்கு உயிர்.

தலைமையாசிரியர் நாச்சிமுத்து நல்ல மனுஷர். ஆனால் பாப்பம்மாளுக்குப் பச்சைத்தண்ணி எப்படியோ, அவருக்கு ஒழுக்கம் அப்படி. எது கெட்டாலும் அது ஒழுக்கக் குறைவு. அந்த வருஷம் தமிழ்மதி மட்டுமில்லை, பாதிப் பிள்ளைகள் ஒரு மாதிரியாகத்தான் இருந்தார்கள். ஒருத்தி காரணமில்லாமல் அழுதாள். இன்னொருவன் வகுப்பில் தூங்கி விழுந்தான். சும்மா இருந்தவர்கள் அடித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் தோப்புக்கரணம் போட்டுப் பார்த்தும் ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் கோபம் எல்லாம் தமிழ்மதியின் மேல் வந்து நின்றது. “அரையாண்டுப் பரீட்சைக்குள்ள இந்தக் கடிக்கிற பழக்கம் நிக்கணும். இல்லன்னா டிசியக் கொடுத்து அப்பாகிட்ட அனுப்பிருவேன். மத்த புள்ளைகளோட பெத்தவங்களுக்கு நான் பதில் சொல்ல வேணாமா?” என்றார்.

டிசி வாங்கிக்கொண்டு சரிவில் இறங்கிய பிள்ளை திரும்ப மேலே ஏறி வராது. அடுத்த வருஷம் தோட்டத்தில் காப்பிப் பழம் பொறுக்கிக்கொண்டிருக்கும். பாப்பம்மாளுக்கு அது நன்றாகத் தெரியும். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கொடைக்கானலிலிருந்து வாரம் ஒருமுறை ஸ்வேதா என்று ஒரு பெண் வருவாள். பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிற கவுன்சிலர். “நான் சும்மா பேசுற பேச்சுக்கு அந்தப் பொண்ணு சம்பளம் வாங்குது” என்று பாப்பம்மாள் கேலி செய்வாளே தவிர, அவள் வந்தால் முதல் காபி அவளுக்குத்தான். அந்த வாரம் ஸ்வேதா தமிழ்மதியைப் பார்த்தாள், அழுகிறவளைப் பார்த்தாள், தூங்குகிறவனைப் பார்த்தாள். பிறகு நாச்சிமுத்துவிடம் வந்து, “பிள்ளைங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவ வெளிக்குப் போறாங்க சார்?” என்று கேட்டாள்.

நாச்சிமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “மனசு சரியில்லன்னு உங்களக் கூப்பிட்டா வயித்தக் கேக்குறீங்களே?”

“வயிறு உப்பிக்கிட்டு, எப்ப முட்டும்னு தெரியாம ஒரு புள்ள எப்படி சார் பெஞ்சில உக்காரும்? எல்லார் முன்னாலயும் கேட்டுட்டுப் போறதுக்கு வெக்கம். அதான் சொல்லாம ஓடுதுங்க. மனசையும் நான் பாக்குறேன். முதல்ல இதப் பாத்துருவோம்.”

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலப் பரிசோதனை செய்தார்கள். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் குடலில் ஜியார்டியா என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சி குடியிருந்தது. தண்ணீர் வழியாக வருவது. தமிழ்மதிக்கு அது நிறையவே இருந்தது.

அப்புறம் தண்ணீரைச் சோதிக்க ஜெயபிரகாஷ் வந்தார். கீழே ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. மலைக் கிராமங்களின் குடிதண்ணீரை எடுத்துப்போய்ப் பார்க்கிறவர். ஊற்றிலிருந்து வருகிற தொட்டித் தண்ணீரை ஒரு கேன் பிடித்தார். அடுத்து பாப்பம்மாளின் டிரம்முக்குப் போனார்.

“என் தண்ணியவா?” என்றாள் பாப்பம்மாள். மாமியார் சமையலை மருமகள் சந்தேகப்பட்டு மோந்து பார்த்தால் வருகிற கோபம் அது. “தம்பி, ஊரே செத்தாலும் என் தண்ணியில பழுது வராது. கொதிச்சுக் குமுறுற தண்ணி.”

“இருக்கட்டும்மா. ஒரு கேன்தான்” என்று பிடித்துக்கொண்டு போனவர், மறு வாரம் ஒரு மைக்ராஸ்கோப்போடு திரும்பி வந்தார். முகம் குழம்பிப்போயிருந்தது. ஆபீஸ் மேஜையில் அதை வைத்துவிட்டு பாப்பம்மாளையும் கூப்பிட்டார்.

“பூச்சி இருக்கா இல்லையான்னு பாத்தா மட்டும் போதாதும்மா. இருக்கிறது உசுரோட இருக்கா, செத்துருச்சான்னு பாக்கணும். செத்தது ஒண்ணும் பண்ணாது. அதுக்கு ஒரு நீலச் சாயம் ஊத்துவோம். செத்தது சாயத்த உள்ள விட்டுரும், நீலமாயிரும். உசுரோட இருக்கிறது உள்ள விடாது, அப்படியே வெளிறிப்போய் நிக்கும்.”

பாப்பம்மாள் குல்லாவை நெற்றிக்கு மேலே ஏற்றிக்கொண்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். முட்டை வடிவத்தில் சின்னச் சின்னப் பூச்சிகள். சிலது நீலம், சிலது வெள்ளை. அவளுக்கு மேல் சிலிர்த்துப்போயிற்று.

“தொட்டித் தண்ணியில அநேகமா எல்லாமே வெள்ளை. அது புரியுது. கொதிக்க வச்ச தண்ணியில எல்லாமே நீலமா இருக்கணும். ஆனா இப்ப நீங்க பாக்குறது உங்க டிரம் தண்ணி. பாதி நீலம், பாதி வெள்ளை. எங்க சாரும் நானும் மண்டையப் போட்டு ஒடச்சுக்கிட்டோம். பாதி செத்து பாதி பொழைக்குமா? நீங்க தண்ணி காய்ச்சுறத ஒருக்கா அப்படியே செஞ்சு காமிங்கம்மா.”

செய்து காட்டச் சொன்னால் கசக்குமா? விறகைத் தள்ளி அடுப்பை எரியவிட்டாள். நாச்சிமுத்து, ஸ்வேதா, ஜெயபிரகாஷ் மூன்று பேரும் சுற்றி நின்றார்கள். வாசலில் பிள்ளைக் கூட்டம் எட்டிப் பார்த்தது. முந்தானையைப் பிடித்தபடி தமிழ்மதி. அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பாப்பம்மாள் உடனே இறக்கிவிடவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் குமுறவிட்டாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆவி அடங்கியதும் சொம்பால் மொண்டு மொண்டு டிரம்மில் பாதி நிரப்பினாள். பிறகு தொட்டிக் குழாயடியில் நிரம்பியிருந்த பிளாஸ்டிக் வாளிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து, சளாரென்று டிரம்முக்குள் கவிழ்த்தாள். ஒரு கலக்குக் கலக்கினாள். புறங்கையில் ரெண்டு சொட்டு விட்டுப் பார்த்தாள்.

“இந்தப் பதம். புள்ளைக வாயும் வேகாது, தொண்டையும் கட்டாது” என்று பெருமையோடு திரும்பினாள்.

ஜெயபிரகாஷின் கண் காலி வாளிகளின் மேலேயே இருந்தது.

“அக்கா,” என்றாள் ஸ்வேதா மெதுவாக. “கடைசியா ஊத்துனீங்களே, அந்தப் பச்சத்தண்ணி...”

“பச்சத்தண்ணியா? நானா? வெளாவுறதுக்கு ஊத்துனேன்த்தா. வெளாவிட்டா அது வெந்நிதான?” என்று சொல்லிக்கொண்டே வந்தவள், தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டு நின்றுவிட்டாள்.

சிரிக்க வேண்டாம். நம் வீடுகளில் யார் வெந்நீரை விளாவாமல் குளித்திருக்கிறோம், யார் விளாவாமல் குடித்திருக்கிறோம்? விளாவின தண்ணியைப் பச்சைத்தண்ணி என்று யார் சொல்லியிருக்கிறோம்? வாழ்நாள் முழுக்கப் பச்சைத்தண்ணியோடு சண்டை போட்டவள், அதைத் தன் கையாலேயே தினமும் வாளி வாளியாக ஊற்றியிருக்கிறாள். அதுவும் பிள்ளைகளின் நாக்கு சுட்டுவிடுமே என்ற பாசத்தில்.

காரியங்கள் மளமளவென்று நடந்தன. எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். கொதித்த தண்ணீரை மூடிவைத்துத் தானாக ஆறவிட வேண்டும் என்று முடிவாயிற்று. சுத்தம் முக்கியம், இனிப் பிள்ளைகள் சமையலறைக்குள் வரக் கூடாது என்று நாச்சிமுத்து உத்தரவு போட்டார். கொஞ்ச நாளில் வயிறுகள் அடங்கின. தூங்கினவன் விழித்துக்கொண்டான், அழுதவள் சிரித்தாள். தமிழ்மதிகூட ஒரு பாடம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்தாள். நாச்சிமுத்து ஸ்வேதாவைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடு போட்டார்.

பாப்பம்மாள்தான் வேறு ஆளாகிப்போனாள். வாயடைத்துப்போயிற்று. குழம்பை ஊற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். வாசலில் நின்று கேட்ட பிள்ளைகளுக்கு ஒரு புதுப் பெயர் கிடைத்திருந்தது: பூச்சித்தண்ணி ஆயாம்மா. முதுகுக்குப் பின்னால் கிசுகிசுவென்று அது ஓடும். அவள் காதில் விழும், விழாதது மாதிரி போவாள். தமிழ்மதி தினமும் சமையலறை வாசல் வரை வந்து நிற்பாள். உத்தரவு இருக்கிறது என்பதை விட, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க பாப்பம்மாளுக்குத் தைரியம் இல்லை. பார்க்காதவள் மாதிரி அரிசியைக் களைந்துகொண்டிருப்பாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பிள்ளை போய்விடும்.

தமிழ்மதி மறுபடி கடிக்க ஆரம்பித்தாள். முன்னைவிட மோசமாக. குருநாதன் என்ற பையனின் தோளில் ரத்தமே வந்துவிட்டது.

“வயிறு சரியாயிருச்சுல்ல? அப்ப இது ஒழுக்கம்தான்” என்றார் நாச்சிமுத்து. கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். மாயனை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அன்று சாயங்காலமே பாப்பம்மாள் புருஷனுக்குப் போன் போட்டாள். “திங்கக்கெழம வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க. என் சட்டி பானையையும் ஏத்திக்கிட்டுப் போயிரலாம். அந்தப் புள்ள போற அன்னைக்கே நானும் போறேன்.” ஞானவேல் ஏனென்று கேட்கவில்லை. சரி என்றார்.

அந்த வாரம் வந்த ஸ்வேதா ஒரு காரியம் செய்தாள். கடித்தவளிடம் ஏன் கடித்தாய் என்று எல்லோரும் கேட்டு அலுத்துவிட்டார்கள். கடிபட்டவர்களிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மருந்து போட்டு அனுப்பியதோடு சரி. ஸ்வேதா அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “அவ கடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நீ என்ன சொன்ன?” என்று மட்டும் கேட்டாள்.

பாப்பம்மாள் காபி கொண்டுவந்தபோது குருநாதன் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தான். “ஒண்ணும் சொல்லல டீச்சர்” என்றான். பிறகு, “சும்மா பாட்டு மாதிரி சொன்னேன்” என்றான்.

“என்ன பாட்டு?”

அவன் கதவருகே நின்ற பாப்பம்மாளை ஓரக்கண்ணால் பார்த்தான். “பூச்சித்தண்ணி ஆயாம்மான்னு.”

அடுத்து வந்தவளும் அதையேதான் சொன்னாள். அதற்கடுத்தவனும் அதேதான். மாத்திரை கொடுத்த பிறகு தமிழ்மதி கடித்தவர்களில் அந்தப் பெயரைச் சொல்லாத ஒருவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் யாரிடமும் பேசாத பிள்ளைக்கு, “அப்படிச் சொல்லாதே” என்று சொல்லத் தெரியவில்லை. பல் இருந்தது.

பாப்பம்மாள் காபித் தம்ளரை அங்கேயே வைத்துவிட்டு ஸ்டோர் ரூமுக்குப் போனாள். உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவமானப்பட்டபோது வராத அழுகை. தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளை தனக்காகச் சண்டை போட்டிருக்கிறது. அதற்குப் பரிசாக டிசி வாங்கப்போகிறது. அழுது முடித்ததும் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. நல்ல எரிச்சல்.

திங்கட்கிழமை காலை பிரேயர். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் மாயன் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் வைத்தபடி நின்றார். வெளியே ஞானவேலின் வண்டி. காரணம் எதுவானாலும் கடி கடிதான் என்று நாச்சிமுத்து சொல்லிவிட்டதால், ஸ்வேதாவும் முறை பார்க்காமல் வந்திருந்தாள். நாச்சிமுத்து பேச வாயெடுக்கும் முன் பாப்பம்மாள் முன்னால் வந்தாள்.

“சார், ரெண்டு வார்த்தை நான் பேசிக்கிறேன்” என்றவள், அவர் சரி சொல்லும் முன்பே ஆரம்பித்துவிட்டாள். “ஏலே, இங்க எல்லாரும் கேளுங்க. பூச்சித்தண்ணி குடுத்தது நாந்தான். வெந்நியில பச்சத்தண்ணிய வெளாவிக் குடுத்தேன். அதுலதான் ஒங்க எல்லாருக்கும் வயித்துல பூச்சி வந்துச்சு. ஒங்கள நோக வச்சுட்டேன், தப்புத்தான். நீங்க என்னச் சொல்றது பொய்யி இல்ல...”

“பொய்யி!”

அப்படி ஒரு குரலை அந்தப் பள்ளிக்கூடம் கேட்டதில்லை. தமிழ்மதி வரிசையை உடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். “பொய்யி! நீ செய்யல! பொய் சொல்ற!” என்று பாப்பம்மாளைப் பிடித்துத் தள்ளினாள். தள்ள முடியாமல், ஸ்வெட்டர் கையை மேலே இழுத்து மணிக்கட்டில் கடித்துவிட்டாள்.

நாச்சிமுத்து ஓடி வந்தார். ஸ்வேதா அவரைக் கையமர்த்தினாள். பாப்பம்மாள் கையை இழுக்கவில்லை. அப்படியே கீழே உட்கார்ந்தாள், பிள்ளையின் முகத்துக்கு நேராக.

“செஞ்சேன் தாயி. தெரியாமத்தான் செஞ்சேன். ஆனா செஞ்சது நாந்தான்.”

பல் மெல்ல விட்டது. பிள்ளையின் கண்ணிலிருந்து கரகரவென்று தண்ணீர் இறங்கியது. “அப்ப நீ கெட்டவளா?”

“கெட்டவ இல்ல. தப்பு செஞ்சவ.”

“ரெண்டும் வேற வேறயா?”

“வேறதாம்த்தா. தப்பு செஞ்சா சொல்லிப்புட்டு நிறுத்திரலாம். நான் நிறுத்திட்டேன். ஒன்னப் பாக்காம மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் திரிஞ்சேன் பாரு, அதுவும் தப்பு. அதையும் நிறுத்திட்டேன். இனி எனக்காக நீ யாரையும் கடிக்க வேணாம்.”

தமிழ்மதி மணிக்கட்டில் பதிந்திருந்த தன் பல் தடத்தைப் பார்த்தாள். புறங்கையால் அதைத் துடைத்துவிடப் பார்த்தாள். பாப்பம்மாள் அவளை மடியில் இழுத்துக்கொண்டாள். வரிசையில் நின்ற பிள்ளைகளில் ஒருவரும் சிரிக்கவில்லை. குருநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாச்சிமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு மாயனிடம் போனார். காடு மேடு கடந்து வந்த மனுஷரிடம் என்ன சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை. “சும்மாதான் வரச்சொன்னேன் மாயன். புள்ளையப் பாத்து நாளாச்சுல்ல? பாத்துட்டு, சாப்பிட்டுப் போங்க” என்றார். ஸ்வேதா பக்கத்தில் வந்து, தமிழ்மதியைச் சமையலறைக்குள் விட வேண்டாம், வாசலுக்கு வெளியே உட்கார ஒரு மணைக்கட்டை போட்டுக்கொள்ளட்டுமே என்றாள். அதற்கும் தலையாட்டினார். ஞானவேல் வெறும் வண்டியோடு ஒட்டன்சத்திரம் போனார். ஒரு நாள் வாடகை நஷ்டம் என்று முணுமுணுத்தாலும் முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டுப் பந்தி. தமிழ்மதி அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரே குருநாதன். பாப்பம்மாள் குழம்பு வாளியோடு வந்தாள். பழக்க தோஷம், குருநாதனின் வாயிலிருந்து அது வந்துவிட்டது. “பூச்சித்தண்ணி ஆயாம்மா, எனக்குக் கொழம்பு.” சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சட்டென்று தோளைக் கையால் மூடிக்கொண்டான். மாயனின் கை சோற்றில் நின்றது.

தமிழ்மதி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆமா, குடுத்துச்சு. நீயும் குடிச்ச, நானும் குடிச்சேன். இப்ப அதுக்கென்ன?” என்று சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை உருட்டினாள்.

குருநாதன் தோளிலிருந்து கையை எடுத்தான். தட்டை நீட்டினான். பாப்பம்மாள் ஊற்றினாள்.